தளர்ந்த தசைகள் மீளும் வகை: இரணசிகிச்சைக்குப் பின் செலவும் பாதுகாப்பும்

சித்தூர், திருப்பதி வட்டாரங்களிலுள்ள கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்களுள் பலர் நாகப்பாம்பு தீண்டியவரை நேரிற் கண்டிருக்கக்கூடும். முதலில் கண் இமைகள் கீழே சரிகின்றன. பின்னர்ப் பேச்சு குழறுகின்றது. எச்சிலை விழுங்க இயலுவதில்லை. தலை நிமிர்ந்து நிற்பதில்லை. இறுதியில் மூச்சுவிட உதவும் தசைகளும் சோர்ந்துவிடுகின்றன. இவ்வளவு நிகழ்ந்தும் அவருடைய அறிவு நெடுநேரம் தெளிவாகவே இருக்கின்றது. சூழ நிற்போர் பேசுவது அவருக்குக் கேட்கின்றது. மருத்துவமனையில் நஞ்சுமுறி மருந்தைச் செலுத்துவதோடு, நியோஸ்டிக்மின், அட்ரோப்பின் என்னும் இரு ஊசிமருந்துகளையும் வைத்தியர்கள் கொடுப்பதுண்டு. சில நிமிடங்களிற் சரிந்த இமைகள் மேலெழுவதைக் கண்டு உறவினர் வியப்புறுவர்.

இதே நியோஸ்டிக்மின் நம் நாட்டு மருத்துவமனைகளின் இரணசிகிச்சைக் கூடங்களில் நாள்தோறும் உபயோகிக்கப்படுகின்றது. ஏனெனில், நாகத்தின் நஞ்சு தீங்காகச் செய்வதையே, மயக்க மருந்து வைத்தியர் அளவறிந்து, நன்மை கருதி, சிறிது நேரத்திற்கு நோயாளிக்குச் செய்கின்றார். தசைகளைத் தளர்த்துவது எளிது. அவற்றை உரிய நேரத்தில் முழு வலிமையோடு மீளச் செய்வதே பெரும் கவனத்திற்குரிய வேலை. இதற்குப் பழைய மருந்து ஒன்றும் புதிய மருந்து ஒன்றும் உள்ளன. முன்னது மலிவு, பின்னது விலைமிக்கது. இவற்றுள் எது பாதுகாப்பானது, எதற்குச் செலவிடுவது தக்கது என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கின்றது.

நரம்பும் தசையும் கூடும் இடம்

மூளையின் கட்டளை நரம்பின் வழியே தசையை நோக்கி வருகின்றது. ஆனால் நரம்பின் நுனி தசையைத் தொடுவதில்லை. இரண்டிற்குமிடையே மிக நுண்ணிய இடைவெளி ஒன்று உண்டு. கட்டளை வந்தவுடன் நரம்பின் நுனியிலிருந்து அஸிடைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள் சுரந்து, அவ்விடைவெளியைக் கடந்து, தசையின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளிற் சென்று பொருந்துகின்றது. பூட்டிற்குள் சாவி நுழைவதுபோல் இது நிகழ்கின்றது என்று ஆசிரியர்கள் வகுப்பில் விளக்கலாம். பூட்டுத் திறந்ததும் தசை சுருங்குகின்றது. அவ்விடத்திலேயே உள்ள கோலினெஸ்டரேஸ் என்னும் நொதிப்பொருள் அடுத்த கணமே அஸிடைல்கோலினைச் சிதைத்துவிடுவதால், தசை மறு கட்டளைக்குத் தயாராகின்றது.

நாகப்பாம்பின் நஞ்சிலுள்ள ஒரு பகுதி இந்தப் பூட்டுகளிற் சென்று அடைத்துக்கொள்கின்றது. உண்மையான சாவி நுழைய இடமில்லாமற் போகின்றது. வெக்குரோனியம், ரோக்குரோனியம், அட்ராக்குரியம் முதலிய தசைத்தளர்த்தி மருந்துகளும் இவ்வாறே வேலை செய்கின்றன. கட்டுவிரியனின் நஞ்சோ நரம்பின் நுனியையே தாக்கிச் சாவியின் உற்பத்தியைக் கெடுத்துவிடுகின்றது. ஆகையால் விரியன் கடிக்கு நியோஸ்டிக்மின் பெரும்பாலும் பயன்படுவதில்லை. பயிர்களுக்குத் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் மூன்றாவது வகையைச் சேர்ந்தவை. அவை கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்குவதால் சாவிகள் அளவுக்கு மீறிக் குவிந்துவிடுகின்றன. வயல்களிற் காணும் இம்மூன்று அபாயங்களும் ஒரே நுண்ணிய இடைவெளியில் நிகழ்வன என்பதை நினைவிற்கொண்டால், பின்வரும் செய்திகள் யாவும் எளிதில் விளங்கும்.

தசைகளைத் தளர்த்துவது ஏன்?

வயிற்றைத் திறந்து செய்யும் சிகிச்சையில் வயிற்றுத் தசைகள் இறுகியிருந்தால் வைத்தியரின் கை உள்ளே செல்லாது. மூச்சுக் குழலினுள் சுவாசக் குழாயைச் செலுத்துவதற்கும் தொண்டைத் தசைகள் தளர்ந்திருத்தல் வேண்டும். முற்காலத்தில் இதற்காக ஈதர் போன்ற மயக்க மருந்தை மிக ஆழமாகக் கொடுத்துவந்தனர். அதனால் இருதயமும் இரத்த ஓட்டமும் பாதிக்கப்பட்டன.

தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியிற் பூசிய குராரே என்னும் தாவர நஞ்சு இதற்கு வழிகாட்டியது. அது நரம்பையோ தசையையோ கெடுப்பதில்லை, இரண்டும் கூடும் இடத்திலேயே செயற்படுகின்றது என்பதை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார்ட் தவளைகளைக் கொண்டு செய்த சோதனைகளால் விளக்கினார். 1942-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள், கனடா நாட்டின் மான்ட்ரீல் நகரில் ஹெரால்டு கிரிஃபித் என்பவரும் அவருடைய துணைவைத்தியர் எனிட் ஜான்சனும் தூய்மை செய்யப்பட்ட குராரேயை இரணசிகிச்சையின்போது கொடுத்து வெற்றி கண்டனர். அதன்பின் இம்முறை உலகெங்கும் பரவிற்று.

பரவிய வேகத்திலேயே எச்சரிக்கையும் வந்தது. பீச்சர், டாட் என்னும் இரு அமெரிக்க வைத்தியர்கள் 10 மருத்துவமனைகளில் 1948 முதல் 1952 வரை மயக்க மருந்து பெற்ற ஏறக்குறைய 6 லட்சம் பேருடைய விவரங்களைத் திரட்டி 1954-இல் வெளியிட்டனர். தசைத்தளர்த்தி பெறாதவர்களில் 2,100 பேருக்கு ஒருவரும், பெற்றவர்களில் 370 பேருக்கு ஒருவரும் மயக்க மருந்து தொடர்பாக இறந்தனர் என்று அக்கணக்குக் காட்டியது. இந்த வேறுபாட்டிற்குரிய காரணத்தைப்பற்றி அப்பொழுது பெரும் விவாதம் எழுந்தது. மருந்தின் விளைவு முற்றும் நீங்குமுன்னரே நோயாளியைத் தாமாகச் சுவாசிக்க விட்டுவிடுதல் எவ்வளவு பெரிய அபாயம் என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் தெளிவுபடுத்தின.

மீட்கும் இரு வழிகள்

பூட்டுகளைத் தளர்த்தி மருந்து அடைத்துக்கொண்டிருக்கும்போது அதை வெல்ல இரண்டு உபாயங்கள் உண்டு. சாவிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது ஒன்று. அடைத்திருக்கும் பொருளையே அகற்றிவிடுவது மற்றொன்று.

முதல் உபாயமே நியோஸ்டிக்மினுடையது. 1931-இல் உருவாக்கப்பெற்ற இம்மருந்து, அஸிடைல்கோலினைச் சிதைக்கும் நொதியைச் சிறிது நேரம் தடுத்துவைக்கின்றது. அதனால் சாவிகள் பெருகித் தளர்த்தி மருந்தோடு போட்டியிட்டு அதை விலக்குகின்றன. ஆனால் அஸிடைல்கோலின் தசைகளில் மட்டுமன்றி இருதயம், குடல், உமிழ்நீர்ச் சுரப்பிகள், மூச்சுக் குழல்கள் ஆகியவற்றிலும் வேலை செய்வதாகும். ஆகவே நியோஸ்டிக்மினைத் தனியே கொடுத்தால் நாடித்துடிப்பு மந்தமாகும், உமிழ்நீர் பெருகும், மூச்சுக் குழல்கள் சுருங்கவும் கூடும். இவற்றைத் தடுக்கவே அட்ரோப்பினையோ கிளைகோபைரோலேட்டையோ உடன் சேர்க்கின்றனர்.

இம்மருந்தின் மற்றொரு குறை மிக முக்கியமானது. நொதியை முழுவதும் தடுத்துவிட்ட பின், மேலும் எவ்வளவு கொடுத்தாலும் சாவிகள் பெருக வழியில்லை. ஆகையால் தசைகள் ஆழமாகத் தளர்ந்திருக்கும் நிலையில் நியோஸ்டிக்மின் போதிய பலன் தராது. தசைகள் தாமாகவே ஓரளவு மீண்டபின்னர்க் கொடுத்தால்தான் அது எஞ்சிய தளர்ச்சியை நீக்கும்.

இரண்டாம் உபாயம் சுகமாடெக்ஸ் என்னும் மருந்தினுடையது. சர்க்கரை மூலக்கூறுகள் எட்டு வளையமாக இணைந்த சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்னும் பொருளைச் சிறிது மாற்றி, ஸ்காட்லாந்திலிருந்த ஆர்கனான் ஆராய்ச்சிச் சாலையில் இதை உருவாக்கினர். நடுவே குழிவுள்ள கிண்ணம் போன்ற அம்மூலக்கூறு, இரத்தத்திலுள்ள ரோக்குரோனியத்தைத் தன்னுள் விழுங்கிக்கொள்கின்றது. வெக்குரோனியத்தையும் அவ்வாறே பற்றுகின்றது, ஆயினும் பிடிப்பு சற்றுக் குறைவு. இரத்தத்தில் தளர்த்தி மருந்து குறையவே, பூட்டுகளில் அடைபட்டிருந்ததும் வெளியேறுகின்றது. இவ்விணைவு பின்னர்ச் சிறுநீரகங்களின் வழியே கழிகின்றது. நொதியோடு இதற்குத் தொடர்பில்லையாதலால் அட்ரோப்பின் தேவைப்படுவதில்லை. ஐரோப்பிய நாடுகளில் 2008-ஆம் ஆண்டிலேயே இதற்கு அனுமதி கிடைத்தது. அமெரிக்க அரசாங்கம் ஒவ்வாமை பற்றிய ஐயங்களால் அவ்வாண்டு அனுமதி மறுத்து, 2015-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் இசைவளித்தது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நம் நாட்டிற் பரவலாக வழங்கும் அட்ராக்குரியத்தின் மூலக்கூறு வேறு வடிவினது. அது இந்தக் கிண்ணத்திற் பொருந்தாது. எனவே அட்ராக்குரியம் பெற்றவருக்குச் சுகமாடெக்ஸ் கொடுப்பது பயனற்ற செலவேயாகும். எந்த மீட்பு மருந்து என்பதைச் சிகிச்சையின் தொடக்கத்தில் எந்தத் தளர்த்தி மருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதே பெரிதும் தீர்மானித்துவிடுகின்றது.

கண்ணை நம்பலாகாது

தசைகள் மீண்டுவிட்டனவா என்பதை எப்படி அறிவது? நோயாளி கண் திறக்கின்றார், கையைப் பற்றுகின்றார், தலையை 5 வினாடி தூக்கி நிறுத்துகின்றார், மூச்சும் ஒழுங்காக வருகின்றது. இவற்றைப் பார்த்துச் சுவாசக் குழாயை அகற்றுவதே நெடுங்கால வழக்கம். ஆயினும் இவை போதிய சான்றுகள் அல்ல. மூச்சுக்கு முதன்மையான உதரவிதானத் தசை விரைவில் மீண்டுவிடுகின்றது. தொண்டைத் தசைகளோ தாமதமாகவே வலுப்பெறுகின்றன. ஆகவே மார்பு ஏறி இறங்குவதைக் கண்டு நாம் திருப்தியடையும் வேளையில், நோயாளியின் எச்சிலோ வயிற்றிலிருந்து மேலேறிய நீரோ காக்கப்படாத மூச்சுக் குழலினுள் இறங்கக்கூடும். அதன் விளைவாகப் பிராணவாயுக் குறைவும், சில நாட்களில் நிமோனியாவும் உண்டாகலாம்.

இதற்கு நம்பத்தக்க அளவுமுறை ஒன்று 1970-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வகுக்கப்பெற்றது. மணிக்கட்டிற் சுண்டுவிரற் பக்கமாக ஓடும் நரம்பின்மேல் இரு மின்வாய்களை ஒட்டி, அரை வினாடிக்கு ஒன்றாக நான்கு சிறிய மின்தூண்டல்கள் கொடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் துடிக்கும். தளர்ச்சி இல்லாதவருக்கு நான்கு துடிப்புகளும் சம அளவின. தளர்ச்சி இருப்பின் முதல் துடிப்பைவிட நான்காவது சிறுத்துக் காணும். ஆழ்ந்த தளர்ச்சியில் நான்காவது, மூன்றாவது என ஒவ்வொன்றாக மறைந்துவிடும். நான்காவது துடிப்பின் அளவை முதல் துடிப்பின் அளவால் வகுத்து வரும் எண்ணே மீட்சியின் விகிதம். முதல் துடிப்பு 20 என்றும் நான்காவது 12 என்றும் கருவி காட்டினால் விகிதம் 0.6. அது 0.9-ஐ எட்டிய பின்னரே குழாயை அகற்றுதல் தகும் என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட விதி. வகுப்பறையில் விகிதங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது நல்ல உதாரணமாகும்.

துடிப்பைக் கண்ணாற் பார்த்தோ கையால் தொட்டோ மதிப்பிட்டால் என்ன? விகிதம் ஏறக்குறைய 0.4-ஐத் தாண்டியதும், தேர்ந்த வைத்தியருடைய விரலுக்கும் நான்கு துடிப்புகளும் ஒன்றுபோலவே தோன்றும். 0.4-க்கும் 0.9-க்கும் இடைப்பட்ட பகுதியே அபாயமானது. அதுவே புலன்களுக்கு எட்டாததும் ஆகும். எண்ணாக அளந்து காட்டும் கருவி மட்டுமே அதை வெளிப்படுத்தும்.

இது அரிதாக நிகழும் பிழை என்று எண்ணலாகாது. 2003-இல் வெளியான பிரான்சு நாட்டு ஆய்வொன்றில், சிகிச்சையின் தொடக்கத்தில் ஒரே ஒரு வேளை மட்டும் தளர்த்தி மருந்து பெற்று மீட்பு மருந்து பெறாத 526 பேரை விழிப்பு அறையில் சோதித்தபோது, 45 விழுக்காட்டினரின் விகிதம் 0.9-க்குக் குறைவாக இருந்தது. 2015-இல் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்றிலும், குழாயை அகற்றும் வேளையில் 63.5 விழுக்காட்டினருக்குத் தளர்ச்சி எஞ்சியிருந்தது.

செலவுக் கணக்கு

நியோஸ்டிக்மின் மிக மலிவான மருந்து. 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. சுகமாடெக்ஸின் விலையோ அதைப்போற் பன்மடங்கு. காப்புரிமைக் காலம் முடிந்து பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்குமிடத்து விலை இறங்குவது இயல்பெனினும், இரண்டிற்குமிடையே உள்ள வேறுபாடு எளிதில் மறைந்துவிடக்கூடியதன்று.

இவ்வேறுபாடு நம் வட்டார மக்களைத் தொடாமல் இராது. திருப்பதியிலுள்ள ரூயா அரசினர் மருத்துவமனை, ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ விஞ்ஞான நிலையம், எலும்பு இரணசிகிச்சைக்கெனத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் பர்ட் மருத்துவமனை, சித்தூர் அரசினர் மருத்துவமனை, எல்லைக்கு அப்பால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றை நாடிக் கிராமத்தார் இரணசிகிச்சைக்காகச் செல்கின்றனர். அவர்களுட் பலருக்கு, ஆந்திரத்தில் 2007-இல் தொடங்கப்பெற்ற ஆரோக்கியஸ்ரீ போன்ற அரசாங்கத் திட்டங்கள் செலவை ஏற்கின்றன. இத்தகைய திட்டங்களில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் மொத்தமாக ஒரு தொகை வரையறுக்கப்பட்டிருக்கும். மருந்து விலை உயர்ந்தாலும் அத்தொகை உயராது. சொந்தப் பணம் செலவிடுவோருக்கோ அது நேரடியான சுமை. ஆகவே ஒரு குப்பியைத் திறக்குமுன் அதன் தேவையை ஆராய்வது வைத்தியரின் கடமையுள் ஒன்றாகின்றது.

கணக்கை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். நோயாளியின் எடை 60 கிலோகிராம் எனக் கொள்வோம். சுகமாடெக்ஸ் வழக்கமாக 200 மில்லிகிராம் கொண்ட குப்பியாகக் கிடைக்கின்றது. நான்கு துடிப்புகளில் இரண்டாவது துடிப்பு தோன்றிய நிலையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் 120 மில்லிகிராம் போதும். ஒரு குப்பியிலேயே மிச்சம் இருக்கும். துடிப்பு ஒன்றுமே இல்லாத ஆழ்ந்த நிலையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் வீதம் 240 மில்லிகிராம் வேண்டும். ஒரு குப்பி போதாமல் இரண்டாவதையும் உடைத்தாக வேண்டும். ரோக்குரோனியம் கொடுத்த சில நிமிடங்களிலேயே அவசரமாக மீட்க நேர்ந்தால் கிலோவுக்கு 16 மில்லிகிராம் வீதம் 960 மில்லிகிராம், அதாவது ஐந்து குப்பிகள் செலவாகும். இதனால் நாம் அறிவது யாதெனில், விலைமிக்க மருந்தை உபயோகிக்கும் இடத்திலும், கட்டைவிரலை அளந்து, இரண்டாவது துடிப்பு தோன்றும் வரை பொறுத்தால் செலவு பாதியாகக் குறையும் என்பதே.

மருந்தின் விலையோடு நேரத்தின் விலையையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். 2017-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 4,206 பேர் பங்குபெற்ற 41 ஆய்வுகளைத் தொகுத்தது. இரண்டாவது துடிப்பு தோன்றிய நிலையிலிருந்து விகிதம் 0.9-ஐ எட்டச் சுகமாடெக்ஸுக்கு ஏறக்குறைய 2 நிமிடமும் நியோஸ்டிக்மினுக்கு 13 நிமிடமும் ஆயின. ஆழ்ந்த நிலையிலிருந்து முன்னதற்கு 3 நிமிடமும், பின்னதற்கு 49 நிமிடமும் தேவைப்பட்டன. அடுத்த நோயாளி காத்திருக்கும் கூடத்தில் மிச்சமாகும் நிமிடங்களுக்கு மதிப்பு உண்டு. அன்றைய கடைசிச் சிகிச்சை முடிந்தபின் மிச்சமாகும் 10 நிமிடம் எவருக்கும் பணமாக மாறுவதில்லை. மறுபுறம், எஞ்சிய தளர்ச்சியால் நிமோனியா உண்டாகித் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு வாரம் கிடக்க நேர்ந்தால், அச்செலவு பல குப்பிகளின் விலையையும் விஞ்சிவிடும். குடும்பத்தார் இழக்கும் கூலி அக்கணக்கில் சேராது.

பாதுகாப்பு பற்றி ஆராய்ச்சிகள் கூறுவன

அமெரிக்காவில் 12 மருத்துவமனைகளின் பதிவுகளிலிருந்து, ஒத்த நிலையிலுள்ள 22,856 இணைகளைத் தேர்ந்து ஒப்பிட்ட ஆய்வு 2020-இல் வெளியாயிற்று. நுரையீரல் தொடர்பான கடுஞ் சிக்கல்கள் நியோஸ்டிக்மின் பெற்றவர்களில் 4.8 விழுக்காட்டினருக்கும், சுகமாடெக்ஸ் பெற்றவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கும் உண்டாயின. இதற்கு ஓராண்டு முன்னர், 28 ஐரோப்பிய நாடுகளின் 211 மருத்துவமனைகளில் 22,803 பேரைப் பின்தொடர்ந்து வெளியான ஆய்வோ, தசைத்தளர்த்தி மருந்துகளால் நுரையீரல் சிக்கல்கள் மிகுவதைக் காட்டியதேயன்றி, நியோஸ்டிக்மினுக்குப் பதிலாகச் சுகமாடெக்ஸ் கொடுத்ததால் அவை குறைந்ததாகக் காட்டவில்லை. இரண்டும் நடந்தவற்றை நோக்கிக் கணித்த ஆய்வுகளே. குலுக்கல் முறையிற் பிரித்துச் செய்த சோதனைகள் அல்ல. புதிய மருந்து விரைவானது என்பது உறுதி; அது எல்லா நோயாளிகளுக்கும் நன்மையில் மேம்பட்டது என்பது இன்னும் அதே அளவு உறுதியாகவில்லை.

புதிய மருந்துக்கும் அபாயங்கள் உண்டு. நலமுள்ள 299 தன்னார்வலர்களுக்கு அதைக் கொடுத்துச் சோதித்தபோது, மிகுந்த அளவு பெற்ற ஒருவருக்குக் கடும் ஒவ்வாமை உண்டாயிற்று. அரிதாக நாடித்துடிப்பு ஆபத்தான அளவிற்கு மந்தமாவதும் உண்டு. சிறுநீரகம் மிகவும் பழுதுற்றவர்களுக்கு இதைக் கொடுக்குமாறு தயாரிப்பாளர் பரிந்துரைப்பதில்லை. கருத்தடை மாத்திரைகளிலுள்ள ஹார்மோனையும் அது பற்றிக்கொள்ளக்கூடுமாதலால், ஒரு வேளை மாத்திரையைத் தவறவிட்டதற்கு ஒப்பான நிலை உண்டாகின்றது.

அமெரிக்க மயக்க மருந்து வைத்தியர் சங்கம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் இவ்விவாதத்தைச் சீராகத் தொகுத்துரைக்கின்றன. கட்டைவிரலை எண்ணளவாக அளக்கும் கருவியை உபயோகித்து, விகிதம் 0.9 ஆனபின்னரே குழாயை அகற்றுக. ரோக்குரோனியம் அல்லது வெக்குரோனியத்தால் தளர்ச்சி மிகுந்திருப்பின் சுகமாடெக்ஸைத் தேர்க. விகிதம் 0.4-ஐ எட்டிவிட்ட இலேசான தளர்ச்சிக்கு நியோஸ்டிக்மினும் ஏற்றதே. இம்மூன்றிலும் முதலாவது, எந்த மருந்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பொருந்துவது. அளக்கும் கருவி ஒருமுறை வாங்கப்படுவது. பின்னர் மின்வாய்களுக்குச் சிறு செலவே ஆகும். ஆகவே வரவுசெலவு சுருங்கிய மருத்துவமனையில் முதற்பணம் கருவிக்குச் செல்லுதல் வேண்டும். கருவி இருக்குமிடத்தில் மலிவான மருந்தை ஏற்ற தருணத்திற் கொடுக்கலாம். விலைமிக்க மருந்தைத் தேவைப்படுவோருக்கென ஒதுக்கிவைக்கலாம். கருவி இல்லாத இடத்தில் விலைமிக்க மருந்தும் ஊகத்தின் பேரிலேயே கொடுக்கப்படுகின்றது.

மீட்பு மருந்து இல்லாத நிலை

சக்ஸினில்கோலின் என்பது வேறு வகைத் தளர்த்தி. ஒரு நிமிடத்திற்குள் வேலை செய்து சில நிமிடங்களில் நீங்கிவிடுவதால், அவசர நிலைகளிற் குழாய் செலுத்த அது பெரிதும் உதவுகின்றது. இரத்தத்திலுள்ள பூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி அதைச் சிதைத்துவிடுவதே அது விரைவில் நீங்கக் காரணம். இந்நொதி பிறவியிலேயே குறைந்திருப்பவர்களுக்கு, சில நிமிடத் தளர்ச்சி பல மணி நேரம் நீடித்துவிடும். சுகமாடெக்ஸ் இம்மருந்தைப் பற்றாது. நியோஸ்டிக்மினோ எஞ்சிய நொதியையும் தடுத்து நிலைமையை மோசமாக்கக்கூடும். தளர்ச்சி தானாக நீங்கும் வரை கருவியால் மூச்சளித்து, நோயாளிக்கு உறக்க மருந்தும் கொடுத்துக் காத்திருப்பதே சிகிச்சை.

இக்குறை நம் பகுதிக்குத் தனிப்பட்ட முறையில் முக்கியமானது. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் வாழும் ஆரிய வைசிய சமூகத்தில் இது மற்றவர்களைவிட மிகுதியாகக் காணப்படுகின்றது. கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் வெளிநாட்டு அறிஞர்களும் சேர்ந்து, அந்நொதியின் 307-ஆம் இடத்தில் லியூஸின் இருக்கவேண்டியதற்குப் பதிலாகப் புரோலின் அமைந்திருப்பதே காரணம் எனக் கண்டறிந்து 2006-இல் வெளியிட்டனர். நெடுங்காலமாகச் சமூகத்திற்குள்ளேயே மணவுறவு கொண்டதனால் இம்மாற்றம் அங்கே நிலைபெற்றது. இது நோயன்று, அன்றாட வாழ்விற்கு யாதொரு இடையூறும் இதனால் இல்லை. இரணசிகிச்சை நாளன்று மட்டும் வைத்தியர் இதை முன்னரே அறிந்திருப்பது இன்றியமையாதது. அறிந்தால் அவர் ரோக்குரோனியத்தைத் தேர்ந்து, சுகமாடெக்ஸைத் தயாராக வைத்துக்கொள்வார். விலைமிக்க மருந்து தன் விலைக்குத் தக்க பயன் தரும் இடங்களுள் இது ஒன்று.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

மருந்தைத் தேர்வது வைத்தியரின் பொறுப்பு. அவருக்குச் சரியான செய்தியைக் கொண்டுசேர்ப்பதில் கிராமப் பணியாளருக்குப் பெரும் பங்குண்டு.

முதலாவது, இரணசிகிச்சைக்குச் செல்லும் குடும்பத்தாரிடம், அவர்களுள் எவருக்கேனும் முன்னர்ச் சிகிச்சைக்குப்பின் விழிப்போ மூச்சோ தாமதமாக வந்ததுண்டா என வினவுதல் வேண்டும். உண்டெனில் அதை எழுதிக் கையிற் கொடுத்தனுப்புக. வாய்மொழியாகச் சொல்ல எண்ணியவர் மருத்துவமனை வாயிலில் மறந்துவிடுவது வழக்கம்.

இரண்டாவது, அண்மையில் பூச்சிமருந்து உடலிற் சேர்ந்து மயங்கியவர் எனின் அதையும் தெரிவித்தல் வேண்டும். அவருடைய நொதி முடங்கியிருப்பதால், சக்ஸினில்கோலின் அவரிடம் நெடுநேரம் தங்கிவிடும். தசைச் சோர்வு நோயுள்ளவர், சிறுநீரகம் பழுதுற்றவர், மருந்து ஒவ்வாமை உடையவர் ஆகியோரைப்பற்றியும் அவ்வாறே.

மூன்றாவது, கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்களுக்கு இரணசிகிச்சையிற் சுகமாடெக்ஸ் கொடுக்கப்பட்டிருந்தால், அடுத்த 7 நாட்களுக்கு ஹார்மோன் சாராத வேறொரு கருத்தடை முறையையும் சேர்த்துக் கையாளுதல் வேண்டும். மயக்கத்திலிருந்த பெண்ணுக்குத் தாம் எந்த மருந்து பெற்றார் என்பது தெரிந்திராது. வீடு திரும்பியவரைக் காணச் செல்லும் சுகாதாரப் பணியாளர் வெளியேற்றச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நன்று. அதில் விவரம் இல்லையெனின் மருத்துவமனையை விசாரிக்கலாம்.

நான்காவது, பெரிய சிகிச்சைக்குப்பின் வீடு திரும்பியவருக்குக் காய்ச்சலும், சளியோடு கூடிய இருமலும், மூச்சுத் திணறலும் தோன்றினால், காற்று மாற்றத்தால் வந்தது என விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

ஆசிரியர்கள் உடற்கூற்றுப் பாடத்தில் நரம்பையும் தசையையும் விளக்கும்போது, பாம்புக்கடி, பூச்சிமருந்து, இரணசிகிச்சை ஆகிய மூன்றையும் சேர்த்து உரைத்தால், மாணவர்க்குப் பாடம் வாழ்வோடு இணையும். நாகம் தீண்டியவருக்கு நஞ்சுமுறியே முதல் மருந்து என்பதையும், நியோஸ்டிக்மின் வைத்தியர் கையாளும் துணைமருந்தேயன்றி வீட்டில் செலுத்தத்தக்கதன்று என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் அவசியம்.

இரணசிகிச்சை முடிந்து கூடத்தின் கதவு திறக்கும்போது, வெளியே காத்திருக்கும் உறவினர் கட்டி அகற்றப்பட்டதா, எலும்பு பொருத்தப்பட்டதா என்றே கேட்பர். கட்டைவிரல் நான்காம் முறையும் முதல் முறையைப்போல் துடித்ததா என்று எவரும் கேட்பதில்லை. மருந்து மலிவானதாயினும் விலைமிக்கதாயினும், அந்நோயாளியின் முதல் ஒரு மணி நேரத்து மூச்சு பெரும்பாலும் அவ்விடையைப் பொறுத்தே இருக்கின்றது. அதை அளந்தறியும் சிறு கருவியை ஒவ்வொரு இரணசிகிச்சைக் கூடத்திலும் வைப்பதே, செலவைச் சுருக்கவும் உயிரைக் காக்கவும் ஒருசேரப் பயன்படும் முதற்படியாகும்.